கண்ணாடி வாங்குமுன் கண்ணைக் காட்டுங்கள்



வரி, வாடகை, விலைவாசி என்று எழுதி வரும் இந்தப் பக்கங்களில் இம்முறை கண்ணைப் பற்றி எழுதுகிறோம். நாம் மருத்துவம் படிக்கவில்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்திக் கொண்டு, மதுரை கீழமாசி வீதியில் தகப்பனார் கடைக் கல்லாவில் உட்கார்ந்தோம். அன்று முதல் பருப்பு, பயறு மொத்த வியாபாரம்தான். ஆனாலும் கண் விஷயத்தில் பட்டுத் தெரிந்து கொண்டது கொஞ்சம் உண்டு. நம்மைப் போல் மற்றவர்களும் பட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. இருப்புப் புத்தகத்தை நாம் பார்த்தபோது துவரம் பருப்பு 38 மூட்டை. குடோனில் எண்ணினால் 33. ஐந்து மூட்டை எங்கே போயிற்று? நம் கடையில் 28 ஆண்டுகளாக வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். கேட்ட விதம் சரியில்லை. சுமை தூக்குகிறவர்கள், வாங்க வந்த சில்லறைக் கடைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியச் சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது 38 இல்லை, 33" என்றாள். விளக்கடியில் வைத்து மறுபடி பார்த்தோம். 33தான்.

அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "முதலாளி, ஆறு மாசமாவே நீங்க மூணையும் எட்டையும் மாத்தித்தான் எழுதுறீங்க. ராத்திரி எல்லாத்தையும் நான் சரி பண்ணி வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சொல்லலை."

அப்போது நம் மூக்கில் இருந்தது எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கண்ணாடி. தராசை ஆண்டு தவறாமல் முத்திரை போடக் கொண்டு போகிறோம். எடைக்கல் தேய்ந்தால் மாற்றுகிறோம். அந்தத் தராசைப் பார்க்கிற கண்ணை எட்டு ஆண்டுகளாக யாரிடமும் காட்டவில்லை.

இலவசப் பரிசோதனை

மறுநாளே ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்குப் போனோம். "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்" என்று வாசலில் பலகை. உள்ளே குளிர்சாதனம், குடிக்கத் தண்ணீர், மரியாதையான உபசரிப்பு. ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். தூரத்தில் ஒரு பலூன் படம் தெரிந்தது. சீட்டு ஒன்று வந்தது. பிறகு நான்கைந்து வரி எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நமக்கு என்ன தொழில் என்று கேட்கவில்லை. சர்க்கரை உண்டா என்றும் கேட்கவில்லை. எந்தக் கண்ணாடி வேண்டும் என்பதை மட்டும் விரிவாகக் கேட்டார்கள். கோடு தெரியாத புரோகிரசிவ் லென்ஸ், அதன் மேல் ஒரு பூச்சு, நீல ஒளியைத் தடுக்க இன்னொரு பூச்சு, பெயர் பெற்ற கம்பெனி ஃபிரேம் என்று எல்லாம் சேர்ந்து 12,600 ரூபாய். "இரண்டாவது ஃபிரேம் இலவசம்" என்றார்கள். அதற்கு லென்ஸ் போட வேண்டுமானால் தனிக் காசு என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடி வந்த மூன்றாம் நாள் குடோன் படியில் இறங்கும்போது கடைசிப் படி எது, தரை எது என்று தெரியாமல் கால் மடங்கியது. கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் படுக்கை. கடையில் போய்ச் சொன்னபோது "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். அது பொய்யும் இல்லை. அந்த வகை லென்ஸ் பழகச் சில நாட்கள் ஆகும். கீழ்ப்பகுதி கிட்டப் பார்வைக்கானது என்பதால் அதன் வழியே படியைப் பார்த்தால் மங்கும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்த்து இறங்க வேண்டும். இதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் கால் பிழைத்திருக்கும்.

அந்தக் கடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் வியாபாரம் செய்தார்கள். நாம்தான் வியாபாரியாக நடந்து கொள்ளவில்லை. லாரியில் வரும் பருப்பை விற்பவன் வாய்ச் சொல்லை நம்பியா இறக்குகிறோம்? மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதி, கடித்துப் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம்? தரம் பார்ப்பவன் ஒருவன், விற்பவன் வேறொருவன் என்றிருந்தால்தான் வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. கண்ணாடிக்கும் இதே முறைதான். முதலில் கண்ணைச் சோதித்துச் சீட்டைக் கையில் வாங்குங்கள். பிறகு அந்தச் சீட்டோடு போய்க் கண்ணாடிக்கு விலை பேசுங்கள். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை விளக்கம்.

பவர் பார்ப்பது மட்டும் போதாது

நமக்கு நேர்ந்தது கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று. நம் வீதியிலேயே கடை வைத்திருந்த ஒரு பெரியவருக்கு அப்படிப் போகவில்லை. பார்வை சரியில்லை என்று இரண்டு ஆண்டுகளில் மூன்று கண்ணாடி மாற்றினார். மூன்று முறையும் கடைகளில் இலவசப் பரிசோதனை. எழுத்துப் பலகையை ஓரளவு வாசித்துவிடுவார். ஆனால் பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. வயதாகிவிட்டது என்று அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம். கடைசியில் மருத்துவமனையில் பார்த்தபோது கண்நீர் அழுத்த நோய் என்றார்கள். குளுக்கோமா என்பதும் இதுதான். ஒரு கண் ஏறக்குறையப் போய்விட்டது. மறு கண்ணை மட்டும் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடையை மகன் பார்க்கிறார்.

இந்த நோய் பெரும்பாலும் வலி தராது. ஓரப் பார்வையை முதலில் அரித்து, நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். போன பார்வை திரும்பாது. மிஞ்சியதைத்தான் காக்க முடியும். பவர் மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இது அகப்படாது.

ஆகவே 40 வயதைத் தாண்டியவர்கள் முழுக் கண் பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும். ஒவ்வொரு கண்ணாகத் தூரப் பார்வை, கிட்டப் பார்வை பார்ப்பார்கள். இயந்திரம் தரும் பவர் ஒரு தொடக்கம் மட்டுமே. சோதனை ஃபிரேமில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று நம்மைக் கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு கண்ணின் அழுத்தம் அளப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கலாம் என்பார்கள். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் குளுக்கோமா வருவதுண்டு. அதனால் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையையும் கண் நரம்பையும் மருத்துவர் பார்ப்பதுதான் முக்கியம். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கடைக்கு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் கட்டாயம் காட்ட வேண்டும். தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. கால் சரியான பிறகு ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை அளவு மிக அதிகம் என்றார்கள். அதுவரை நமக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. "சர்க்கரை ஏறி இறங்கினால் கண் பவரும் மாறும். முதலில் அதைக் கட்டுப்படுத்திவிட்டு வாருங்கள், அதன் பிறகு கண்ணாடிக்கு எழுதித் தருகிறோம்" என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் போனால் பவர் வேறு! அப்படியென்றால் 12,600 ரூபாய்க் கண்ணாடி, நாளைக்கு மாறிவிடப் போகிற பவருக்கு வாங்கியது.

எங்கே காட்டுவது?

நல்ல பரிசோதனை என்றால் பெரும் செலவு என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனம். நம் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த பெயர். கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டும் அங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் செய்ய 1992ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தையும் தொடங்கினார்கள். குறைந்த லாபம், நிறைந்த விற்பனை என்ற நம் பலசரக்குக் கடைப் பாடம் மருத்துவத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வேறு ஊர்களிலும் அறக்கட்டளை மருத்துவமனைகள் பல உள்ளன.

கண்ணாடிக் கடையிலேயே முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தால் பவர் பார்க்க அவர் போதும். அது நான்காண்டுப் படிப்பு. நல்லவர்கள், சந்தேகம் வந்தால் "டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று தாங்களே சொல்வார்கள். அப்படிச் சொல்லி அனுப்புகிற கடைதான் நம்பிக்கையான கடை. மருத்துவமனைக்குள்ளும் கண்ணாடி விற்பனை இருக்கலாம். அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டு உங்களுடையது.

சீட்டில் என்ன இருக்கிறது?

கொள்முதல் பில்லை வரிவரியாகப் படிக்கிற நாம், கண் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம். அதில் இருப்பது கொஞ்சம்தான். வலக்கண், இடக்கண் என்று இரண்டு வரிசை. 'ஸ்பியர்' என்பது முக்கியப் பவர். மைனஸ் என்றால் தூரம் தெளிவில்லை, பிளஸ் என்றால் அதற்கு மாறானது. 'சிலிண்டர்', 'ஆக்சிஸ்' என்பவை கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரி செய்ய. 'ஆட்' என்பது 40 வயதுக்கு மேல் வாசிப்பதற்காகச் சேர்க்கும் பவர். வயதுக்கேற்ப இது கூடி, 60க்கு மேல் பெரும்பாலும் ஓரளவில் நின்றுவிடும். எல்லாமே 0.25 கணக்கில்தான் ஏறும், இறங்கும்.

இரண்டு பாப்பாக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் 'பி.டி.' என்பார்கள், மில்லிமீட்டரில். இதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பவர் சரியாக இருந்தும், லென்ஸின் மையம் பாப்பாவுக்கு நேரே அமையாவிட்டால் தலைவலி வரும்.

நம் தொழிலுக்கு எந்தக் கண்ணாடி?

பரிசோதனைக்குப் போகும்போது தொழிலைச் சொல்லுங்கள். பேரேடு ஒன்றேகால் அடியில் இருக்கிறது. தராசின் எண்கள் இரண்டரை அடியில், பில் போடும் கம்ப்யூட்டர் இரண்டு அடியில், அலமாரி ஆறடியில், வாடிக்கையாளர் எதிரே. ஒரே லென்ஸில் எல்லாம் அமையாது. எது முக்கியம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீழே கட்டம் தெரியும் பைஃபோகல் விலை குறைவு. தூரமும் பேரேடும் தெளிவாகத் தெரியும். இடைத் தூரம் சிலருக்கு மங்கும். புரோகிரசிவில் மூன்று தூரமும் உண்டு. ஆனால் ஓரங்களில் நெளியும், பழக நாளாகும். இரண்டிலும் படி இறங்கும்போதும், ஏணி மேல் நின்று சரக்கு எடுக்கும்போதும் கவனம் வேண்டும். நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் பில் போடுபவருக்கு அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி தனியாகப் போடுவது நல்லது.

கனத்த கண்ணாடி லென்ஸ் எளிதில் கீறாது. ஆனால் விழுந்தால் உடையும். பிளாஸ்டிக் லென்ஸ் இலேசானது, கீறும். பாலிகார்பனேட் அடி தாங்கும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு, இரவில் வண்டி ஓட்டுபவருக்குப் பயன்படும். நீல ஒளி தடுக்கும் பூச்சால் கண் சோர்வு குறைவதாகச் சான்று இல்லை என்று 2023ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அதற்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கிய பிறகு காப்பது நம் கையில். பருப்புத் தூசி, மிளகாய் வற்றல் தூசி படிந்த லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

விலை பேசும்போது

வியாபாரத்தில் இலவசம் என்று ஒன்று இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று நாமே போர்டு வைக்கிறோம். ஆகவே கண்ணாடிக் கடையில் இவற்றைக் கேளுங்கள்.

1. ஃபிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, பூச்சு எவ்வளவு? தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

2. பூச்சு இல்லாமல் என்ன விலை?

3. கண்ணாடி ஒத்துவராவிட்டால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவார்கள்? அதைப் பில்லில் எழுதித் தருவார்களா?

4. லென்ஸின் பெயர், வகை பில்லில் வருமா? பார்வைக் கண்ணாடிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில் இருந்தால்தான் அந்தக் குறைவு நமக்கு வந்ததா என்று பார்க்க முடியும்.

5. உங்கள் பழைய ஃபிரேம் நன்றாக இருந்தால் அதிலேயே புது லென்ஸ் போடலாமா? பெரும்பாலும் போடலாம்.

6. தயாரான கண்ணாடியின் பவரைச் சீட்டோடு ஒப்பிட்டு, கடையிலுள்ள கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரக்கு இறக்குமுன் எடை பார்ப்பது போன்றதுதான் இது.

இப்படிக் கேட்டு நாம் வாங்கிய பைஃபோகல் 1,450 ரூபாய். கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒன்று 900 ரூபாய். ஆக மொத்தம் 2,350. இப்போது மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் தெரிகிறது.

நடைபாதையில் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் வாசிப்புக் கண்ணாடி கெடுதலா என்று பலர் கேட்கிறார்கள். அதனால் கண் கெட்டுப் போகாது. ஆனால் அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. இரு கண்ணும் சமமாக உள்ளவர் அவசரத்துக்கு ஒன்று கல்லாப்பெட்டியில் வைத்துக் கொள்ளலாம். அதை வாங்கியதோடு கண் விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

கடையில் இருப்பவர்களும்

கல்லாவில் இருப்பவர் கண் மட்டும் போதாது. எடை போடும் பையன், காலாவதித் தேதி பார்த்து அடுக்குபவர், சரக்கு வண்டி ஓட்டுபவர் எல்லோருடைய கண்ணும் நம் கடைக் கண்தான். பாக்கெட்டில் தேதி பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தவறாகப் படித்து வைத்தால் வாடிக்கையாளர் குழந்தைக்குத் தீங்கு, நமக்கு வழக்கு.

கண் மருத்துவமனைகள் பொது அமைப்புகளோடு சேர்ந்து முகாம் நடத்துவது நம் பகுதிக்குப் புதிதல்ல. இடம் கொடுத்து ஆள் திரட்டினால் போதும், அவர்கள் வந்து பார்ப்பார்கள். ஆண்டுக்கொரு முறை நம் சங்கக் கட்டிடத்தில், வாரச் சந்தை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதை நடத்த வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பந்தல் செலவை ஏற்க நாம் தயார்.

நம் கணக்குப்பிள்ளை மறு வாரமே வேலைக்குத் திரும்பினார். அவர் பெருந்தன்மை அது. அவர் கண்ணையும் காட்டி அவருக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். ஆனாலும் இன்று வரை இரவு கடை சாத்துமுன் பேரேட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுக்கிறார். நாம் தடுப்பதில்லை.